சுவரிலும் பெனியனிலும் ஒரே பாட்டு

பாட வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது தொண்டையைப் பற்றித்தான். அக்கா, என்ன குடிப்பீர்கள், கற்கண்டா மிளகா, மேடை ஏறமுதல் தயிர் சாப்பிடலாமா? தயிரைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் இந்த வன்னி முழுக்கக் கோயில் வீதியிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் கல்யாண மண்டபத்திலும் பாடியிருக்கிறேன். தயிரால் எனக்கு ஒரு கேடும் வந்ததில்லை. வந்த கேடெல்லாம் வாயால் வந்தது, அதுவும் பாடாத நேரத்தில் திறந்த வாயால்.

இப்போது நான் மேடைக்குப் போவதில்லை. முன்பல் இரண்டும் கட்டிய பிறகு ‘ச’ வருகிற இடமெல்லாம் விசிலும் சேர்ந்து வருகிறது. பக்திப் பாட்டில் விசில் வந்தால் சனம் என்ன நினைக்கும்? ஆகவே பாடுவதை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் மூன்று பேர் கொண்ட குழு. பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது நான். கீபோட் வாசிப்பது என்னுடைய மனுசன். ஒக்டாபாட்டில் தாளம் அடிப்பது அவருடைய சித்தப்பாவின் மகன் ரவி. வயலில் அருவி வெட்டும்போது சனம் பாடுகிற மாதிரியான மெட்டை எடுத்து, அதற்குக் கீழே பெடியள் ஆடக்கூடிய தாளத்தைப் போடுவோம். அதுதான் எங்கள் வித்தை. மனுசனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், பின்னுக்குத் தேவைப்படும். எங்கே ஒரு பிரச்சினை தலை காட்டுகிறதோ, அங்கே அவருக்கு ஒரு வயரில் பழுது தெரியும். உடனே மேசைக்குக் கீழே போய்விடுவார். பிரச்சினை தீர்ந்ததும் வயரும் தீர்ந்துவிடும். நல்ல மனுசன், ஆனால் அவருடைய முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இனி என் களவுக்கு வருகிறேன்.

உடையார்கட்டில் ஒரு புது வாசிகசாலை திறக்க இருந்தார்கள். அதன் தலைவர் கனகலிங்கம் அண்ணை, வயல் செய்கிறவர், எதையும் நேராகக் கதைக்கிறவர். மோட்டார் சைக்கிளில் புதுக்குடியிருப்புக்கு எங்கள் வீடு தேடி வந்தார்.

“தங்கச்சி, எங்கட ஊரைப் பற்றி ஒரு பாட்டு வேணும். பொதுப்பாட்டு வேண்டாம். கேட்டா எங்கட ஊர் கண்ணுக்குத் தெரியோணும்.”

“ஓம் அண்ணை, ஒருக்கா ஊருக்கு வந்து பாத்திட்டு எழுதுறன்” என்றேன்.

போகவில்லை. அந்தக் கிழமை நல்ல மழை, எனக்கோ தடிமன், மூக்கு ஒழுகியது. குசினியில் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன். எதிர்ச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. அதில் ஒரு குளம், குளத்தங்கட்டு, சாய்கிற வெயில், ஒற்றைக் காலில் ஒரு கொக்கு. பருப்பு அவிந்து முடிவதற்குள் பாட்டும் முடிந்துவிட்டது. அதில் திரும்பத் திரும்ப வருகிற வரி இது: “கூப்பிட முன்னம் திரும்பிப் பாக்கும் உடையார்கட்டு எங்கட ஊர்.”

திறப்பு விழாவில் அதைப் பாடினேன். சனம் எழும்பி நின்று கைதட்டியது. கனகலிங்கம் அண்ணை தோளில் கிடந்த சால்வையால் கண்ணைத் துடைத்தார். அடுத்த கிழமையே அந்த வரியை வாசிகசாலைச் சுவரில் சிவப்புப் பெயின்ரால் ஆள் உயர எழுத்தில் எழுதுவித்தார்.

இரண்டு மாதம் கழித்துத் தண்ணீரூற்றில் இருந்து ஒரு விளையாட்டுக் கழகத்தின் தலைவர் வந்தார். ஜெகன் என்ற இளம் பெடியன், நல்ல மரியாதை. “அக்கா, எங்கட ஊருக்கெண்டு மட்டும் ஒரு பாட்டு எழுதித் தாங்கோ” என்றார். நாலே நாள்தான் இருந்தது. ஊர்ப் பெயர் விழுகிற இடத்தைப் பார்த்தேன். உடையார்கட்டு இருந்த இடத்தில் தண்ணீரூற்று வடிவாக வந்து உட்கார்ந்தது. பாடினேன். அங்கேயும் சனம் எழும்பி நின்றது. ஜெகன் வந்து என் கையைப் பிடித்தார்.

“எங்களுக்கெண்டுதானே அக்கா எழுதினனீங்கள்?”

“ஓம்” என்றேன்.

அந்த ‘ஓம்’தான் பிழை. பாட்டைத் திருப்பிப் பாடுவது பெரிய குற்றமில்லை, எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் ஒரு மனிதர் கண் கலங்கி நின்று கேட்கும்போது பொய்க்கு ‘ஓம்’ சொல்லக்கூடாது. எனக்கு அது பழகிவிட்டது. பிறகு ஒரு ஊர், அதற்குப் பிறகு இன்னொன்று என்று பதினொரு ஊருக்கு அந்தக் கொக்கைக் கொண்டுபோய்விட்டேன். புதுக்குடியிருப்புக்குப் பாடும்போது மட்டும் பெயர் நீளம், மூச்சு முட்டும். பிடிபடமாட்டேன் என்ற தைரியம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அந்தந்த ஊர்ப் பாட்டு அந்தந்த ஊர் வாட்ஸப் குழுவுக்குள்தான் சுற்றும். பக்கத்து ஊர்ப் பாட்டைக் கேட்க இங்கே யாருக்குப் பொறுமை?

இப்படி இரண்டு மூன்று வருடம் ஓடியது. ஒருநாள் கனகலிங்கம் அண்ணை மகளின் கல்யாணத்துக்கு எங்கள் குழுவைச் சொன்னார். “தாலி கட்டினாப்பிறகு பொம்பிளை மாப்பிளை இறங்கி வரேக்க எங்கட ஊர்ப் பாட்டைப் பாடோணும், தங்கச்சி.” அழைப்பிதழில் நான் பார்த்தது மண்டபத்தையும் நேரத்தையும் மட்டும்தான். பிள்ளைகளே, அழைப்பிதழை முழுக்க வாசியுங்கள். மாப்பிள்ளை எந்த ஊர் என்று வாசியுங்கள்.

மண்டபம் புதுக்குடியிருப்பில். காலை பத்தரைக்கு நாங்கள் ஓரத்தில் கீபோட்டைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, மணவறையில் இருந்த மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தேன். தலைப்பாகைக்குள் ஜெகன். என்னைக் கண்டு சந்தோசமாகத் தலையாட்டினார். இரண்டு ஊர்ப் பாட்டும் ஒரே மண்டபத்தில். ஆனாலும் ஒரு நப்பாசை இருந்தது. பாட்டைப் பாடாமல், ஒலிபெருக்கி பழுதென்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். மனுசன் எப்படியும் வயரோடு தயாராகத்தான் இருந்தார்.

நம்முடைய கல்யாணத்தில் கூறைச் சேலையைத் தட்டில் வைத்துச் சபை முழுக்கக் கொண்டுபோவார்கள் அல்லவா? எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்த பிறகுதான் பெண்ணுக்குக் கொடுப்பார்கள். உள்ளே காத்திருக்கும் பெண் அதை உடுத்துக்கொண்டு வந்தால்தான் தாலி. அந்தத் தட்டோடு கனகலிங்கம் அண்ணையும் மனைவியும் வரிசை வரிசையாகப் போனார்கள். மாப்பிள்ளை பகுதிக்குள் நுழைந்து, எட்டாம் வரிசைக்குப் பின்னால் வந்ததும் அண்ணை நின்றுவிட்டார்.

எட்டாம் வரிசையில் இருந்தவர்கள் ஜெகனின் கழகத்துப் பெடியள். தங்கள் தலைவருக்கு மரியாதை செய்ய எல்லோரும் கழகத்தின் விளையாட்டுப் பெனியனில் வந்திருந்தார்கள். கடும் நீலம். முதுகில் மஞ்சள் எழுத்து: “கூப்பிட முன்னம் திரும்பிப் பாக்கும் தண்ணீரூற்று எங்கட ஊர்.”

“தம்பி, முதுகில என்ன?” என்றார் அண்ணை.

“எங்கட ஊர்ப் பாட்டு, ஐயா.”

“ஆரின்ர ஊர்ப் பாட்டு?”

மாப்பிள்ளையின் மாமா எழும்பி வந்தார். அவரும் குரலை இறக்கிக் கதைக்கத் தெரிந்தவர் அல்ல. “என்ன பிரச்சினை அண்ணை? இது அக்கா எங்களுக்கெண்டு எழுதித் தந்தது.”

“எங்களுக்கெண்டு எழுதினதை நீங்கள் களவெடுத்து முதுகில அடிச்சிருக்கிறியள். எங்கட சுவரில வந்து பாருங்கோ, பெயின்ரில கிடக்கு.”

“சுவரில எழுதினா உங்கட பாட்டு ஆகுமோ? நாளைக்கு நானும் என்ர வீட்டுச் சுவரில எழுதுறன்.”

“பெனியனைக் கழட்டச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் இந்தத் தட்டு நகராது.”

“கழட்டிப்போட்டு? கலியாண வீட்டில வெறும் மேலோடயோ நிக்கிறது?”

யாரோ ஒரு சமாதானப் பிரியர் பெனியன்களைப் புறம் மாற்றிப் போடலாம் என்றார். இரண்டு பெடியள் ஓடிப்போய் மாற்றிக்கொண்டும் வந்தார்கள். எழுத்து உள்ளிருந்து இன்னும் தெரிந்தது, வாசிக்கக் கஷ்டம், அவ்வளவுதான். அண்ணை தட்டைக் கீழே வைக்கவும் இல்லை, ஒரு அடி எடுத்து வைக்கவும் இல்லை. மணவறையில் இருந்து ஐயர் கூப்பிட்டார்: “பதினொன்று இருபத்தைஞ்சோட முகூர்த்தம் முடியுது. கூறையைக் கொண்டுவாங்கோ!” மணி பத்து ஐம்பது.

அப்போது மாமா ஒரு யோசனை சொன்னார். “சண்டை என்னத்துக்கு அண்ணை? எழுதின ஆள் அதிலதானே இருக்கிறா. அவாவைக் கேப்பம்.”

“கேளுங்கோ! நல்லாக் கேளுங்கோ!” என்றார் கனகலிங்கம் அண்ணை, வென்றுவிட்ட முகத்தோடு. மாமாவின் முகத்திலும் அதே வெற்றி. இரண்டு பகுதிக்கும் நான்தான் சாட்சி. மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. மனுசன் ஏற்கனவே மேசைக்குக் கீழே.

நான் இருமினேன். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். தண்ணீர் குடித்தேன், மிகவும் மெதுவாகக் குடித்தேன். ரவி என் காதுக்குள், “அண்ணி, உண்மையை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. எங்கட வானை எடுத்துக்கொண்டு ஓடவும் ஏலாது, பின்னால நாலு வாகனம் மறிச்சு நிக்குது” என்றான். போத்தலில் தண்ணீர் முடிகிற நேரம் பெண்ணின் தோழி வந்தாள். “அக்கா, தர்சிகாவின்ர தலைப்பூ கழண்டுபோச்சாம். உங்களை உள்ளுக்கு வரட்டாம்.” கடவுளே என்று போனேன்.

உள்ளே மணப்பெண் தர்சிகாவின் தலையில் பூவெல்லாம் பத்திரமாக இருந்தது. கதவைச் சாத்தினாள்.

“என்ன சொல்லப் போறியள் அக்கா?”

“தெரியேல்லை பிள்ளை. ஆரின்ர பாட்டெண்டு சொன்னாலும் மற்றப் பகுதி எழும்பிப் போயிடும்.”

“ரெண்டும் ஒரே பாட்டெண்டு எனக்குத் தெரியும். ரெண்டு வருசமாத் தெரியும்.”

நான் பக்கத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் வேகவேகமாகச் சொன்னாள். ஜெகனின் கழகம் ஏதோ ஒரு கிண்ணம் வென்று, வீடியோவுக்குப் பின்னால் அந்தப் பாட்டைப் போட்டு இணையத்தில் ஏற்றியிருக்கிறது. இவள் கண்டுவிட்டு “கள்ளர்” என்று கீழே எழுதியிருக்கிறாள். “நீங்கள்தான் கள்ளர்” என்று அவர் எழுதியிருக்கிறார். ஒரு மாதம் சண்டை. கடைசியில் சுவரை நேரில் பார்த்தால்தான் நம்புவேன் என்று அவர் உடையார்கட்டுக்கே வந்துவிட்டார். வந்து படம் எடுத்தார். படம் வடிவாக விழவில்லை என்று இன்னொரு முறை வந்தார்.

“பிறகு?”

“பிறகு மூண்டாம் தரமும் வந்தவர்” என்றாள், பூவைச் சரிசெய்தபடி.

“மூண்டாம் தரம் என்னத்துக்கு?”

தலையைக் குனிந்து சிரித்தாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “அப்பாவுக்கு ஒண்டும் தெரியாது அக்கா. இது புரோக்கர் கொண்டுவந்த சம்மந்தம் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறார். அப்பாவின்ர அக்கா, எங்கட மாமியைப் பிடிச்சு, மாமி புரோக்கரைப் பிடிச்சு, எவ்வளவு பாடுபட்டு இந்த மணவறைக்கு வந்திருக்கிறம். உங்கட பிழை முழுக்கச் சொல்லுங்கோ. எங்கட கதையில ஒரு சொல்லும் வெளியில வரக்கூடாது.”

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். அந்த ஒரு பாட்டால் எனக்கு இந்தப் பக்கம் பெயர் இருந்தது. அதைக் காப்பாற்றப் பார்த்தால் ஒரு பெண் பூவோடு இந்த அறையிலேயே இருக்கவேண்டி வரும். எந்தப் பகுதிக்கு ‘ஓம்’ சொன்னாலும் மற்றப் பகுதி கள்ளர் ஆகிவிடும். ஒரு ஆள் கள்ளர் ஆகித்தான் தீரவேண்டும் என்றால், ஏற்கனவே கள்ளியாக இருக்கிறவளே ஆகிவிடுவது நல்லது. வெளியே வந்து மைக்கை எடுத்தேன்.

“சண்டை பிடிக்காதேங்கோ. களவு நடந்தது உண்மைதான். களவெடுத்தது நான்.”

மேசைக்குக் கீழே வயர் ஆட்டுகிற சத்தம்கூட நின்றது.

“அது உடையார்கட்டின்ர பாட்டும் இல்லை, தண்ணீரூற்றின்ர பாட்டும் இல்லை. என்ர குசினிச் சுவரில தொங்கின கலண்டரைப் பாத்து எழுதினனான். அது எந்த நாட்டுக் குளமெண்டுகூட எனக்குத் தெரியாது.”

“அந்தக் கொக்கு?” என்றார் மாமா, நம்ப முடியாமல்.

“கொக்கும் கலண்டர்க் கொக்குத்தான், அண்ணை. பேரை மாத்தி மாத்திப் பதினொரு ஊருக்குப் பாடிப்போட்டன்.”

கடைசி வரிசையில் ஒரு பெரியவர் எழும்பினார். “பிள்ளை, எங்கட முள்ளியவளைக்கும் அதைத்தானோ பாடினது?”

“ஓம் ஐயா. உங்களுக்கும் அதுதான்.”

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு விழுந்த பேச்சை எழுதினால் இந்தப் புத்தகத்தை வீட்டில் வைத்திருக்க முடியாது. முதலில் கனகலிங்கம் அண்ணை. “இவாவை நம்பிச் சுவர் முழுக்கப் பெயின்ர் அடிச்சனே!” பிறகு மாமா. “உங்களுக்கு ஒரு சுவர்தானே அண்ணை. எங்களுக்கு அம்பது பெனியன்!” “அதுவும் சரிதான், பெனியன் தோய்க்கத் தோய்க்கக் கண்ணுக்கு முன்னாலதானே கிடக்கும்” என்றார் அண்ணை. ஒருவருக்கு ஒருவர் ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பகுதியும் அன்று முதல்முதலாக ஒன்றுசேர்ந்தது என்னைத் திட்டத்தான். திட்டிக்கொண்டே மாமா கூறைத் தட்டைத் தொட்டுக் கும்பிட்டார், அடுத்தவர் தொட்டார், தட்டு நகர்ந்தது. பதினொன்று இருபதுக்குத் தாலி ஏறியது. மனுசன் வெளியே வந்து, “வயர் சரி” என்றார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கி வரும்போது என்னை யாரும் பாடச் சொல்லவில்லை. ஆனால் கழகத்துப் பெடியள் தாங்களாகவே அந்தப் பாட்டைத் தொடங்கினார்கள். ஊர்ப் பெயர் வருகிற இடத்தில் இரண்டு பகுதியும் தங்கள் ஊரைக் கத்தியது. எந்த ஊர் என்று ஒரு காதுக்கும் விளங்கவில்லை, எல்லோரும் சிரித்தார்கள். கனகலிங்கம் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு, நாங்கள் சாமான் கட்டுகிற இடத்துக்கு வந்தார். கோபம் போயிருந்தது. போகாமல் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“வாசிகசாலை திறந்த அண்டைக்கு நான் அழுதனான் தங்கச்சி. ஒரு கலண்டருக்கோ அழுதனான்?”

வெட்கம் என்றால் என்னவென்று அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. “அடுத்த கிழமை ஊருக்கு வாறன் அண்ணை. பாத்து எழுதித் தாறன்” என்றேன். அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கிழமை மெய்யாகவே போனேன். தொண்டையில் சளி இருந்தது, போனேன். அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தால் எழுத எவ்வளவு கிடக்கிறது தெரியுமா? பஸ்சுக்குக் காத்திருக்கிற சனம் வீதியோர மதகில் வரிசையாக உட்கார்ந்து, பஸ் வந்தாலும் கதை முடியாமல் எழும்பாது. வாசிகசாலையில் பேப்பர் வாசிக்க வருகிறவர்களுக்காக ஒரு மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டி மேசையோடு பொருத்தி வைத்திருந்தார்கள். ஒருவர் வாசித்துவிட்டுக் கழற்றிக் கொடுக்க, மற்றவர் போட்டு மறுபக்கத்தை வாசிப்பார். கொக்கு எதையும் நான் காணவில்லை. அந்த மதகையும் கண்ணாடியையும் வைத்து எழுதிய பாட்டு வேறெந்த ஊரிலும் எடுபடவில்லை. பெயரை மாற்றிப் போடவும் முடியாது, நூல் கட்டிய கண்ணாடி மற்ற ஊரில் இல்லையே.

அன்று திரும்பும்போது அண்ணை என்னைச் சுவரடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சிவப்பு எழுத்து வெயிலில் கொஞ்சம் மங்கியிருந்தது. எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

“அழிச்சுப்போடுங்கோ அண்ணை. புதுப் பாட்டின்ர வரியை எழுதுவம்.”

“கீழ எழுதுவம். இதை அழிக்கேலாது.” சுவரைத் தட்டினார். “தங்கச்சி, தண்ணீரூற்றிலயிருந்து ஒரு பெடியன் ஒருக்கா வந்து சுவரைப் பாத்தா, சுவரைப் பாக்க வந்தவன். ரெண்டாம் தரம் வந்தா, சரி, படம் வடிவா விழேல்லை. மூண்டாம் தரமும் வாறான் எண்டா, சுவரையோ பாக்க வாறான்?”

அவர் சுவரை இன்னொரு தரம் தட்டினார்.

“என்ர அக்காவிட்டைச் சொல்லி, அந்தப் புரோக்கரை அனுப்பினது ஆரெண்டு நினைக்கிறியள்? அக்காவுக்கும் வேலை சுகமாப் போச்சு, பிள்ளையும் உதவிக்கு அவவைத்தான் பிடிச்சது.” சிரிப்பை அடக்கிக்கொண்டார். “தர்சிகாவுக்குத் தெரியாது. அப்பாவை ஏமாத்திப்போட்டன் எண்டு அவளுக்கு ஒரே சந்தோசம். அதைக் கெடுத்துப்போடாதேங்கோ.”

“ஓம்” என்றேன். அப்பாவின் இரகசியத்தை மகளுக்கும், மகளின் இரகசியத்தை அப்பாவுக்கும் சொல்லாமல், இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி குடித்துவிட்டு இன்றுவரை வாயை மூடிக்கொண்டு வருகிறேன். என் வாய்க்கு அது பெரிய சாதனை.

உங்களுக்கு மட்டும் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் பாடப் போனால் நீங்களும் தயவுசெய்து வாய் திறக்காதீர்கள். ஆட்களின் பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஊர்களின் பெயரையும் மாற்றியிருந்தால் இன்னும் பாதுகாப்பு, மனுசனும் அதைத்தான் சொன்னார். ஆனால் ஊர்ப் பெயரை மாற்றிப் போடுகிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.